மார்ஜினில் பதில் எழுதிய அப்பா

அப்பாக்களைப் பற்றிய அஞ்சலிக் கட்டுரைகளை நான் விடாமல் வாசிக்கிறேன். இணைய இதழ்களில், முகநூலில், பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர்களில் என்று எங்கே கிடைத்தாலும். அதிலும் பிழைப்புக்காகக் கடல் கடந்து போன அப்பாக்கள், தாத்தாக்கள் பற்றியவை என்றால் கூடுதல் ஆர்வம். நாலைந்து படித்ததும் அச்சு பிடிபட்டுவிடும். வெறுங்கையோடு கிளம்பினார், ராப்பகலாக உழைத்தார், எங்களையெல்லாம் படிக்கவைத்தார், அதிகம் பேசமாட்டார், ஆனால் உள்ளுக்குள் அவ்வளவு பாசம். எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் "அதிகம் பேசமாட்டார்" என்ற இடத்தில் மட்டும் எனக்கு உறுத்தும். ஏன் பேசமாட்டார்? எதைப் பற்றிப் பேசமாட்டார்? அந்தப் பேசாமை பிள்ளைகளை என்ன செய்தது? கட்டுரை அதைத் தாண்டி அடுத்த பாராவுக்குப் போய்விடும். செத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாதில்லையா.

மேக்சின் ஹாங் கிங்ஸ்டனின் 'சைனா மென்' முழுக்க முழுக்க அந்த ஒரு இடத்திலேயே நின்று எழுதப்பட்ட புத்தகம். 1980-இல் வெளிவந்தது. கிங்ஸ்டன் 1940-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் தெற்குச் சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவருடைய முதல் புத்தகமான 'தி வுமன் வாரியர்' (1976) அம்மாவின் கதைகளால் ஆனது. அந்த அம்மா ஓயாமல் கதை சொல்கிறவர், மகளுக்கு அதுவே பெரிய தலைவலி. அப்பா நேர் எதிர், வாயைத் திறக்காதவர். முதலில் இரண்டையும் ஒரே புத்தகமாக எழுதத்தான் யோசித்தார், பிறகு ஆண்களின் கதை தனியாகப் பிரிந்துவிட்டது. நம் வாசகர்களில் பலரும் 'தி வுமன் வாரிய'ரோடு நின்றுவிடுகிறார்கள். பாடத்திட்டத்தில் இருப்பது அதுதான் என்பது ஒரு காரணம். என் கட்சி 'சைனா மென்'தான். முதல் புத்தகத்தில் அம்மா கொடுத்ததை மகள் மாற்றிச் சொன்னாள். இதில் யாரும் எதையும் கொடுக்கவில்லை.

புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு சின்ன சம்பவம் வருகிறது. வேலைவிட்டு வரும் அப்பாவுக்காகப் பிள்ளைகள் வாசல் கேட்டில் காத்திருக்கிறார்கள். தெருமுனையில் ஆள் தெரிந்ததும் ஓடிப்போய் பாபா, பாபா என்று கட்டிக்கொள்கிறார்கள். அந்த மனிதர் பொறுமையாக, நான் உங்கள் அப்பா இல்லை என்கிறார். பார்த்தால் நிஜமாகவே வேறு ஆள். பிறகு கொஞ்ச நேரத்தில் நிஜ அப்பா வருகிறார். அவ்வளவுதான். இதைத் தொட்டு கிங்ஸ்டன் ஒரு விளக்கமும் எழுதுவதில்லை. சொந்தப் பிள்ளைகளுக்கே அடையாளம் தவறும் ஒரு மனிதரைப் பற்றி மிச்சப் பக்கங்களை எழுதப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும், நமக்கு அது பிறகுதான் உறைக்கும்.

அப்பா எப்படி அமெரிக்கா வந்தார்? ஒரு குடியேறியின் வாழ்க்கைக் கதையில் மிக முக்கியமான கேள்வி இதுதான். நம் அஞ்சலிக் கட்டுரைகளில் இதற்கு ஒரே வரியில் கப்பல் பெயரோடு பதில் இருக்கும். கிங்ஸ்டனிடம் ஐந்து பதில்கள் இருக்கின்றன. அவரே அப்படித்தான் எண்ணிச் சொல்கிறார். ஒன்றில் அவர் கியூபா போய், அங்கிருந்து மரப்பெட்டிக்குள் ஒளிந்து நியூயார்க்குக்குக் கடத்தப்படுகிறார். பெட்டிக்குள் இருட்டு, மூச்சுத்திணறல், வெளியே நடக்கும் காலடிச் சத்தம் என்று எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக நம்பவைத்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே, அப்பா அப்படி வந்திருக்க வழியில்லை, சட்டப்படிதான் வந்தார் என்று வேறொரு வருகையை ஆரம்பிக்கிறார். அதில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் அடைத்துவைத்து விசாரிக்கிறார்கள். புத்தகத்தின் பின்பகுதியில் இன்னொன்று: அப்பா 1903-இல் சான்பிரான்சிஸ்கோவிலேயே பிறந்தவர், பாட்டி ஆண்வேடத்தில் அங்கே வந்திருந்தாள்.

முதல் வாசிப்பில் இது பின்நவீனத்துவ விளையாட்டு மாதிரி தெரியும். அந்தக் காலத்து விமர்சகர்கள் சிலரும் அப்படித்தான் ரசித்தார்கள். அது பாதி வாசிப்புதான். 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டம் 1943 வரை நீடித்தது. நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்று ஒதுக்கீடு வைத்தார்கள். 1888-இல் வந்த ஸ்காட் சட்டம் இன்னும் கொடூரமானது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிவரலாம் என்று அரசாங்கமே கொடுத்திருந்த சான்றிதழ்களை ஒரே நாளில் செல்லாது என்றாக்கியது. சுமார் 20,000 பேர் வெளியே மாட்டிக்கொண்டார்கள். 1906 பூகம்பத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் நான் இங்கே பிறந்தவன் என்று சொல்லலாம், மறுக்க ஆவணம் கிடையாது. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் சீனாவிலிருக்கும் பையன்களைத் தங்கள் பிள்ளைகள் என்று காகிதத்தில் காட்டி வரவழைத்தார்கள். 'காகித மகன்' என்றே அதற்குப் பெயர். வேறொருவரின் பெயர், ஊர், வீட்டுக்கு எத்தனை ஜன்னல், பக்கத்து வீட்டில் யார் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்து ஏஞ்சல் தீவில் ஒப்பிக்கவேண்டும். தப்பினால் திரும்பும் கப்பல்.

அப்படி வந்த ஒரு மனிதர் பிள்ளைகளிடம் தன் கதையை எப்படிச் சொல்வார்? பிள்ளை பள்ளிக்கூடத்தில் உளறிவிட்டால் குடும்பமே போச்சு. அந்த ஐந்து வருகைகளும் அப்பாவைக் காப்பாற்றும் ஏற்பாடுகூட. எது உண்மை என்று குடியேற்ற அதிகாரி எவரும் இந்தப் புத்தகத்தை வைத்து நிரூபிக்கமுடியாது. இதைக் கிங்ஸ்டனே சொல்லியிருக்கிறார். இப்படியொரு புத்தகத்துக்கு 1981-இல் தேசியப் புத்தக விருது கிடைத்தது 'புனைவல்லாத எழுத்து' என்ற பிரிவில். சிரிப்பு வருகிறதுதான். ஆனால் அமெரிக்க அரசிடம் அந்த மனிதர்கள் கொடுத்த வாக்குமூலங்களும் புனைவல்லாத பிரிவில்தானே கோப்பில் இருக்கின்றன.

புத்தகத்தின் நட்டநடுவில் 'சட்டங்கள்' என்று ஒரு சின்ன அத்தியாயம். 1868-இல் தொடங்கி ஆண்டுவாரியாக எந்தெந்தச் சட்டம் சீனர்களை என்ன செய்தது என்ற பட்டியல். கதை கிடையாது, உவமை கிடையாது. அதுவரை பாட்டுக்கட்டிக்கொண்டிருந்த குரல் திடீரென்று அரசு கெசட் மாதிரி பேச ஆரம்பிக்கிறது. இதை வடிவக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் புத்தகத்தின் எலும்பு. அப்பா ஏன் பேசமாட்டார் என்பதற்கு மனோதத்துவ விளக்கம் தேடாமல் அரசாங்க விளக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். அவர் சுபாவமே அப்படி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சுபாவத்துக்குப் பின்னால் சட்டப் பிரிவு எண்கள் இருக்கலாம்.

தாத்தாக்களின் அத்தியாயங்கள் இதைவிடப் பழைய மௌனங்களிலிருந்து வருகின்றன. கொள்ளுத்தாத்தா பாக் கூங் ஹவாய்த் தீவுகளில் கரும்புக்காடு வெட்டப் போகிறார். வேலை நேரத்தில் பேசக்கூடாது. பேசினால் அபராதம், சவுக்கு. மனிதருக்குப் பேசாமல் இருக்கமுடியவில்லை. இருமுகிற சாக்கில் வார்த்தைகளை வெளியே தள்ளுகிறார்; வெள்ளைக்காரக் கங்காணியைத் திட்டுவதெல்லாம் இருமலாகவே வெளியே போகிறது. கடைசியில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து தரையில் பெரிய குழி தோண்டி, அதற்குள் வாயை வைத்து ஊரைப் பார்த்துக் கத்துகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் மண்ணுக்குள் சொல்லி மூடிவிடுகிறார்கள். ராஜா காது கழுதைக் காது கதை நமக்குத் தெரியும். நாவிதன் ரகசியத்தைக் குழியில் சொல்லப்போய் அங்கே முளைத்தது பாட ஆரம்பிக்கும். கிங்ஸ்டனிடம் அதற்கு ஒரு சீன வடிவம் இருக்கிறது. நம் கதையில் குழிக்குள் போவது ராஜாவின் ரகசியம். இங்கே போவது கூலிக்காரனின் வீட்டு ஏக்கம், அது முளைக்கும் இடம் கரும்பு.

தாத்தா ஆ கூங் சியாரா நெவாடா மலையில் ரயில் பாதை போட்டவர். செங்குத்தான பாறையில் கூடையில் தொங்கிக்கொண்டு வெடிமருந்து வைக்கும் வேலை. சென்ட்ரல் பசிபிக் கம்பெனியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் வேலை பார்த்தார்கள். 1867 ஜூனில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், சாப்பாட்டை நிறுத்தி அதை உடைத்தார்கள். 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ராமண்டரியில் இரண்டு பக்கத்துப் பாதைகளும் இணைந்தபோது எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் தொப்பியும் ஷாம்பெயின் புட்டியுமாக வெள்ளைக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். சீன முகத்தைத் தேடவேண்டும். இந்தத் தகவல்களெல்லாம் இன்று விக்கிப்பீடியாவிலேயே கிடைக்கும். கிடைக்காத ஒன்றைத்தான் பேத்தி எழுதுகிறார். கூடையில் தொங்கும் ஆ கூங் அந்தரத்தில், யாருமில்லாத பள்ளத்தாக்கைப் பார்த்துக் கரமைதுனம் செய்கிறார். மனைவியைப் பிரிந்து வருடக்கணக்கில் ஆணும் மலையும் மட்டுமாக வாழ்ந்த ஒருவரின் உடம்பு அது. சொந்தத் தாத்தாவைப் பற்றி ஒரு பேத்தி இதை எழுதலாமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நினைவு மலரில் போடமுடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "குடும்பத்தைப் பிரிந்து கஷ்டப்பட்டார்" என்று எழுதிக் கடந்துபோகிறோமே, அந்தப் பிரிவு என்பது உடம்பளவில் என்னவென்று இந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்தத் தாத்தாவைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது, புத்தகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊர் திரும்பிய ஆ கூங்குக்கு வரிசையாக ஆண்பிள்ளைகள். ஒரு பெண்குழந்தை வேண்டுமென்று உருகுகிறார், அந்தக் கிராமத்தில் எவனும் ஆசைப்படாத ஆசை. கடைசியாகப் பிறந்த பையனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவர்களுடைய பெண்குழந்தையை வாங்கிவருகிறார். பாட்டி ஊரைக் கூட்டி, கத்தி, பையனைத் திரும்பப் பிடுங்கிவருகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த வியாபாரம் மகா லாபமாகத் தெரிந்திருக்கும். அப்படிக் கைமாறித் திரும்பிய குழந்தைதான் கிங்ஸ்டனின் அப்பா.

இதை அப்பாவின் பகுதியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அப்பா பேசமாட்டார் என்றேனே, ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் திறப்பார்: சலவைக்கடையில் கோபம் வந்தால் பெண்ணுறுப்பை இழுத்து வசவு. அது தன்னைச் சொல்கிறதா, பெண்களையெல்லாம் சொல்கிறதா என்று தெரியாமல் மகள் நொந்து நிற்கிறாள். அது வெறும் பழக்கதோஷம், என்னைச் சொல்லவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்குகிறாள். அந்த மகள்தான் குடும்பத்தின் பழங்கதைகளைத் துழாவி, பெண்குழந்தைக்காகப் பையனையே கொடுக்கத் துணிந்த ஒரு தாத்தாவைக் கண்டெடுக்கிறாள். கதை எவ்வளவு உண்மை என்பதில் எனக்கு அக்கறையில்லை. தனக்கு வேண்டிய தாத்தாவை அவள் தேர்ந்துகொண்டாள். அன்பான தாத்தாவை நினைவுகூர்கிறோம் என்கிறபோது நாம் எல்லோரும் கொஞ்சம் இதைச் செய்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்பாவிடம் கிடைக்காததைத் தாத்தாவின் கணக்கில் வரவு வைக்கிறோம்.

என் அம்மாவின் அப்பா பினாங்கிலிருந்து திரும்பியவர். அவரைப் பற்றி வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. யுத்தம் முடிந்ததும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார், அதற்கு முன்பு பினாங்கில் கடையில் கணக்கெழுதினார் என்பது பெரிய மாமா சொல்வது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனான், தப்பிவந்தது சாமி புண்ணியம் என்பது என் பாட்டி ஒரே ஒரு முறை சொன்னது. தாத்தா இரண்டையும் கேட்டுக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். அவர் காலமானபோது மலரில் எதைப் போடுவது என்று பேச்சு வந்தது, கணக்கெழுதியதைப் போட்டார்கள். கௌரவமாக இருக்குமாம். சயாம் மரண ரயிலில் போன ஆயிரமாயிரம் தமிழர்களைப் பற்றி அ. ரெங்கசாமி மாதிரி சிலர் நாவல் எழுதியிருக்கிறார்கள். குடும்ப மலர்களில் அவர்களுக்கு இடமில்லை. 'சைனா மென்' படித்த பிறகு, இரண்டையும் போட்டிருக்கலாமே என்று தோன்றியது. அடுத்தடுத்து, எது சரி என்று சொல்லாமல்.

எல்லாமே உச்சத்தில் இருக்கும் புத்தகம் என்று சொல்லமாட்டேன். தொன்மக் கதைகள் சில சும்மா ஒட்டவைத்த மாதிரி நிற்கின்றன. ராபின்சன் குரூசோவைச் சீனமாக்கிச் சொல்லும் பகுதியில் எனக்குக் கொட்டாவி வந்தது. ஃபிராங்க் சின் என்ற சீன அமெரிக்க எழுத்தாளர், கிங்ஸ்டன் சீனத் தொன்மங்களை வெள்ளைக்கார வாசகருக்காகத் திரிக்கிறார் என்று வாழ்நாளெல்லாம் சண்டை போட்டார். அதில் முழுக்க நியாயமில்லை, முழுக்க அநியாயமும் இல்லை. ரயில் அத்தியாயத்தில் தாத்தாக்கள் சில இடங்களில் காவிய நாயகர்களாக வீங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவைக் கட்டியது நாங்கள்தான் என்று நிறுவும் அவசரம் எழுத்தில் தெரிகிறது. அந்த நாட்டில் அப்போது அதைச் சொல்லவேண்டியிருந்தது, சரி. ஆனால் நம் தாத்தாக்களை நினைவுகூரும்போது நாம் வழுக்குகிற இடமும் அதேதான்.

அப்பாவைப் பற்றிய அத்தியாயங்களில் இந்த வீக்கம் எதுவுமில்லை. சீனாவில் வாத்தியாராக இருந்த மனிதர், நியூயார்க்கில் கூட்டாளிகளோடு சலவைக்கடை வைத்து, எடிசன் பெயரைச் சுருக்கி எட் என்று வைத்துக்கொண்டு, கடைசியில் கூட்டாளிகளாலேயே கழற்றிவிடப்படுகிறார். ஸ்டாக்டனுக்கு வந்து ஒரு சீனரின் சூதாட்ட விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். போலீஸ் ரெய்டு வந்தால் முதலாளிக்குப் பதில் இவர் கைதாகவேண்டும், அதுவும் வேலையில் சேர்த்தி. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெயர் சொல்வார். வெள்ளைக்காரப் போலீஸுக்கு எல்லாச் சீனரும் ஒரே முகம். விடுதி மூடப்பட்டதும் மனிதர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். நாற்காலி, மௌனம், ராத்திரியில் அலறல். பிள்ளைகள் பயந்து, பிறகு பயம் விட்டுப்போய், சீண்ட ஆரம்பிக்கிறார்கள். ஒருநாள் கோபத்தில் எழுந்து ஒரு மகளைத் துரத்துகிறார். அந்தத் துரத்தலில்தான் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு ஒரு சலவைக்கடையை வாங்குகிறார், காய்ப்பதற்கு வருஷக்கணக்கில் ஆகும் மரங்களைத் தோட்டத்தில் நடுகிறார்.

சீண்டி எழுப்புவது. கிங்ஸ்டனின் மொத்த உத்தியும் இதுதான் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் ஓரிடத்தில் அப்பாவை நேராக விளித்து, உங்கள் மௌனத்திலிருந்தும் நாலைந்து வார்த்தைகளிலிருந்தும் நானே ஊகித்து எழுதுகிறேன், தப்பாக இருந்தால் நீங்கள் வந்து திருத்துங்கள் என்கிற அர்த்தத்தில் சவால் விடுகிறார். இது அஞ்சலி எழுதுகிறவர் செய்யவே முடியாத காரியம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார், ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கமாட்டார்.

அதற்கப்புறம் நடந்தது புத்தகத்தில் இல்லை, கிங்ஸ்டன் பேட்டிகளில் சொன்னது. புத்தகம் சீன மொழியில் திருட்டுப் பதிப்பாக வந்தது. அனுமதி இல்லை, ராயல்டி இல்லை. (டெலிகிராமில் பிடிஎஃப் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.) அந்தத் திருட்டுப் பதிப்பு அப்பாவின் கைக்குப் போனது. பழைய சீனப் படிப்பாளிகளுக்கு ஒரு வழக்கம், நூலின் அகன்ற மார்ஜினில் உரையும் பதிலும் எழுதுவது. கிராமத்து வாத்தியார் பேனாவை எடுத்து மகளுடைய புத்தகத்தின் மார்ஜின்களில் எழுத ஆரம்பித்தார். அந்தப் பிரதி பிறகு பெர்க்லியிலுள்ள பான்கிராஃப்ட் நூலகத்துக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அப்பா வந்து பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது தன் எழுத்து என்று சுற்றியிருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னாராம்.

அவர் 1991 செப்டம்பரில் இறந்தார். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 20 அன்று அவருக்கான சடங்கு முடிந்து கிங்ஸ்டன் காரில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஓக்லாந்து மலைகளில் பெருந்தீ. வீடு போயிற்று, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப்படியும் போயிற்று. அதை 2003-இல் வந்த 'தி ஃபிஃப்த் புக் ஆஃப் பீஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அப்பா இறந்த பிறகு வந்த புத்தகம் என்பது அதைப் படிக்கும்போது தெரிகிறது. பதில் சொல்ல ஆள் இல்லாத குரல் அது. நல்ல புத்தகம்தான், ஆனால் 'சைனா மெ'னில் இருக்கிற அந்த வம்புக்கு இழுக்கும் உற்சாகம் இல்லை.

'சைனா மென்' படிக்க நினைப்பவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தொன்மக் கதைகளில் சிக்கிப் பாதியில் மூடிவைத்த நண்பர்களை எனக்குத் தெரியும். 'தி அமெரிக்கன் ஃபாத'ரை முதலில் படியுங்கள், பிறகு சியாரா நெவாடா தாத்தா, பிறகு சட்டங்கள். கையில் பென்சில் இருக்கட்டும்.